கைக்கு எட்டாத இரண்டாவது பிளக்

பல்சர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கேள்வி. போன சர்வீஸில் ஸ்பார்க் பிளக் மாற்றினீர்களா? "மாத்தியாச்சே" என்பீர்கள். எத்தனை மாற்றினீர்கள்?

ஐந்து வருடம் ஓடிய பல்சர் 150 ஒன்றை நான் பழைய வண்டியாக வாங்கினேன். மைலேஜ் நாற்பதைத் தாண்டவே இல்லை. மேம்பாலம் ஏறும்போது பின்னால் ஆள் இருந்தால் மூச்சு வாங்கும். பார்த்தவுடன் தெரியும் பக்கத்தில் இருந்த பிளக் பளபளவென்று புதிதாக இருந்ததால் பிளக்கைச் சந்தேகிக்கவே தோன்றவில்லை. கார்பரேட்டரை இரண்டு முறை கழற்றிக் கழுவினேன், ஏர் ஃபில்டரை மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேறு வேலை இல்லாமல் மறுபக்கத்து பிளக்கையும் கழற்றிப் பார்த்தேன். முனை தேய்ந்து உருண்டை தட்டியிருந்தது. பொறி தாவும் இரண்டு முனைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியில் இரண்டு ஏடிஎம் கார்டைச் சேர்த்து நுழைக்கலாம். எனக்கு முன்னால் வண்டியைத் தொட்ட எல்லோரும் கைக்கு வசதியான பிளக்கை மட்டும் மாற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இதில் சிக்கல் என்னவென்றால், ஒரு பிளக் செத்துப்போனாலும் இந்த வண்டி நிற்காது. 2003இல் பஜாஜ் கொண்டுவந்த டிடிஎஸ்-ஐ எஞ்சினில் ஒரே சிலிண்டருக்கு இரண்டு பிளக். பெட்ரோல் கலவையில் இரண்டு பக்கமிருந்தும் தீப்பிடிப்பதால் தீ பாதித் தூரம் பரவினாலே போதும், சீக்கிரம் எரிந்து முடிந்துவிடும். எப்போது பொறி விட வேண்டும் என்ற கணக்கும் அந்த வேகத்தை நம்பித்தான் போடப்பட்டிருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் பொறி வந்தால் கலவை எரிந்து முடிவதற்குள் பிஸ்டன் கூடுதலாக இறங்கிவிடுகிறது. வண்டி ஓடும், ஆனால் பிக்கப் குறையும், பெட்ரோல் கூடும், சூடும் ஏறும். ஒற்றை பிளக் வண்டியாக இருந்தால் நடுரோட்டில் நின்று காட்டிக்கொடுத்துவிடும். இது காட்டிக்கொடுக்காது.

ஆகவே இந்தக் கட்டுரை அந்த மறைவான பிளக்கைப் பற்றியது. பல்சர் 150ஐ வைத்துச் சொல்கிறேன். ஸ்கூட்டருக்கும் டேங்குக்கு அடியில் பிளக் ஒளிந்திருக்கும் வண்டிகளுக்கும் எங்கே வேறுபடும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் பிளக் வாங்குவது

வண்டியில் இருக்கும் பிளக்கைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப்போய் "இதே மாதிரி குடுங்க" என்று கேட்பதுதான் நம் வழக்கம். முன்பு மாட்டியவர் தவறானதை மாட்டியிருந்தால் நீங்களும் அதே தவற்றை வாங்கி வருவீர்கள். வண்டியோடு வந்த கையேட்டில் பிளக்கின் எண் இருக்கும். அதைப் பார்த்து வாங்குங்கள்.

அந்த எண் வெறும் பெயர் இல்லை. என்ஜிகே நிறுவனத்தின் சிஆர்8இ என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். 'சி' என்றால் மரையின் குறுக்களவு 10 மி.மீ., அதற்கு 16 மி.மீ. ஸ்பேனர். 'ஆர்' என்றால் உள்ளே ரெசிஸ்டர் இருக்கிறது. '8' என்பது வெப்ப எண், அதாவது பிளக் தன் சூட்டை எவ்வளவு வேகமாக வெளியே கடத்தும் என்பதன் குறி. கடைசி 'இ' மரையின் நீளம் 19 மி.மீ. என்கிறது. அந்த இடத்தில் 'ஹெச்' இருந்தால் நீளம் 12.7 மி.மீ. தான். நீளமான பிளக் வர வேண்டிய இடத்தில் குட்டையானதை மாட்டினால் மிச்ச மரையில் கரி படிந்து, அடுத்த முறை சரியான பிளக் ஏறாது. குட்டையானது வர வேண்டிய இடத்தில் நீளமானதை மாட்டினால் பிஸ்டனில் போய் இடிக்கவும் கூடும்.

வெப்ப எண்ணில் இன்னொரு குழப்பம் உண்டு. என்ஜிகேயில் எண் கூடக் கூட பிளக் குளிர்ச்சியானது, அதாவது சூட்டைச் சீக்கிரம் கடத்திவிடும். பாஷ், சாம்பியன் இரண்டிலும் கணக்கு தலைகீழ், எண் கூடினால் சூடான பிளக். கடைக்காரர் "அது இல்ல, இது இருக்கு, எட்டுக்கு எட்டு சரியா வரும்" என்றால் நம்பிவிடாதீர்கள்.

இரண்டையும் ஒரே நாளில் ஒரே வகையில் மாற்றுங்கள். இரிடியம் பிளக் போட்டால் வண்டி பறக்கும் என்று சொல்வார்கள். பறக்காது. அதிக நாள் உழைக்கும், அவ்வளவுதான். தினமும் வேலைக்குப் போய்வரும் வண்டிக்குச் சாதாரண பிளக்கே போதும் என்பது என் கருத்து. அந்தக் காசுக்கு ஒரு நல்ல பிளக் ஸ்பேனர் வாங்கலாம்.

சாமான்கள்

வண்டியோடு தரும் டூல் கிட்டில் ஒரு குழாய் ஸ்பேனரும் அதைத் திருப்ப ஒரு கம்பியும் இருக்கும். எளிதாகத் தெரியும் பிளக்குக்கு அதுவே போதும். மறைவான பிளக்குக்கு அதை வைத்துப் போராடித்தான் பலர் அறுகோணத்தை மழுக்கிவிடுகிறார்கள்.

உங்களுக்கு வேண்டியது மெல்லிய சுவர் உள்ள 16 மி.மீ. நீள பிளக் சாக்கெட். சுவர் மெல்லியதாக இருப்பது முக்கியம். கனமான சாக்கெட் குழிக்குள் இறங்காது, அல்லது சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டின் இறகுகளில் முட்டி நிற்கும். உள்ளே பிளக்கைக் கவ்விக்கொள்ள ரப்பரோ காந்தமோ இருந்தால் இன்னும் நல்லது. ஒரு ராட்செட், ஒரு எக்ஸ்டென்ஷன் கம்பி, வளைந்து கொடுக்கும் யுனிவர்சல் ஜாயின்ட் ஒன்று. இவற்றோடு ஒரு அடி நீளத்துக்குப் பெட்ரோல் ட்யூப், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ், டார்ச், பழைய டூத் பிரஷ், சைக்கிள் பம்ப். சென்னைக்காரர்களுக்கு ஜி.பி. ரோடு இருக்கிறது. மற்ற ஊர்களில் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி இருக்கும் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் விசாரித்தால் கிடைக்கும். பெட்ரோல் ட்யூபை மட்டும் மறந்துவிடாதீர்கள். இந்த வேலையில் பாதி அதுதான்.

கழற்றும் முன்

எஞ்சின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். ராத்திரி நிறுத்திய வண்டியைக் காலையில் எடுத்தால் சரி. ஹெட் அலுமினியம், பிளக்கின் உடம்பு எஃகு. சூட்டில் அலுமினியம் இளகியிருக்கும்போது எஃகைத் திருகினால் மரை பிளக்கோடு வந்துவிடும். கை சுடாமல் இருப்பதெல்லாம் அப்புறம்.

சென்டர் ஸ்டாண்ட் போட்டு, சாவியை எடுத்துவிடுங்கள். பெட்ரோல் காக் இருந்தால் மூடுங்கள். பல்சர் 150க்கு டேங்கைக் கழற்றத் தேவையில்லை. இடுக்காக இருக்கும், அவ்வளவே.

டைமிங் செயின் ஓடும் பக்கத்தில்தான் பிளக் ஆழத்தில் இருக்கும். செயின் அறையைத் தாண்டி உள்ளே போக வேண்டும் என்பதால் ஒரு ஸ்லீவ் குழாய்க்குள் உட்கார்ந்திருக்கும். டார்ச் அடித்துப் பாருங்கள். அந்தக் குழிக்குள் என்னவெல்லாம் இருக்கிறது என்று பார்த்தால் அதிர்ச்சியாக இருக்கும். மணல், காய்ந்த சேறு, வாட்டர் சர்வீஸில் புகுந்த தண்ணீர், சில சமயம் எறும்புப் புற்று. பிளக்கை எடுத்த அடுத்த நொடி இதெல்லாம் நேராகச் சிலிண்டருக்குள் விழும். சிலிண்டருக்குள் விழும் ஒரு மணல் துகள் என்ன செய்யும் என்று யோசித்தால் இந்தச் சுத்தம் செய்யும் வேலைக்கு அரை மணி நேரம் செலவழிக்க மனசு வரும்.

பிளக் கேப்பைப் பிடித்து லேசாகத் திருப்பியபடி இழுங்கள். ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். கேப்புக்குள் திருகி மாட்டியிருக்கும் ஒயர் கையோடு வந்துவிடும். பிறகு டூத் பிரஷால் சுற்றிலும் தளர்த்தி, சைக்கிள் பம்பின் வாயில் ரீஃபில் எடுத்த பழைய பேனாக் குழாயைச் செருகி டேப் சுற்றி, குழிக்குள் விட்டுக் காற்றடியுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், மண் முகத்துக்குத்தான் வரும்.

காற்றடித்த பிறகும் குழிக்குள் எண்ணெய் ஈரம் இருந்தால் அது தண்ணீர் இல்லை, எஞ்சின் ஆயில். ஸ்லீவின் ஓ-ரிங் போயிருக்கலாம். பிளக் மாற்றினாலும் ஆயில் கேப்புக்குள் ஏறி மறுபடி மிஸ்ஸிங் அடிக்கும். அந்த ஓ-ரிங் மாற்றுவதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

கழற்றுவது

சாக்கெட்டைக் குழிக்குள் விட்டு, பிளக்கின் அறுகோணத்தில் முழுதாக உட்கார்ந்ததா என்று விரலால் அசைத்துப் பாருங்கள். பாதி உட்கார்ந்த சாக்கெட்தான் வெள்ளைப் பீங்கானை உடைக்கிறது. பீங்கான் உடைந்ததை வெளியிலிருந்து கண்டுபிடிக்கவும் முடியாது.

எந்தப் பக்கம் திருப்புவது? கேலியாகத் தோன்றும் கேள்விதான். ஆனால் வண்டிக்கு மேலே குனிந்து, கையை வளைத்து உள்ளே விட்டிருக்கும்போது இடது வலது மாறிப்போகும். பிளக்கின் தலையை நேருக்கு நேர் பார்ப்பதாகக் கற்பனை செய்துகொண்டு, கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்புங்கள். நான் ஒருமுறை இறுக்கிக்கொண்டே "வர மாட்டேங்குதே" என்று பல்லைக் கடித்திருக்கிறேன்.

கால் சுற்று தளர்ந்ததும் நிறுத்துங்கள். சாக்கெட்டை எடுத்துவிட்டு மறுபடி ஒருமுறை காற்றடியுங்கள். பிளக்கின் வாஷருக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்த மண் இப்போதுதான் விடுபடும். இந்த இரண்டாவது காற்றைப் பெரும்பாலானவர்கள் அடிப்பதில்லை.

பிளக் அசையவே இல்லை என்றால் நீளக் குழாய் மாட்டி பலம் காட்ட வேண்டாம். துரு இளக்கும் ஸ்ப்ரேயை ஓரத்தில் விட்டு, டீ குடித்துவிட்டு வாருங்கள். பிறகு கொஞ்சம் தளர்த்தி, கொஞ்சம் இறுக்கி, மறுபடி தளர்த்தி என்று முன்னும் பின்னுமாக அசையுங்கள். நறநறவென்று உரசும் உணர்வு கைக்கு வந்தால் உடனே எதிர்ப்பக்கம் திருப்பி இன்னும் கொஞ்சம் ஸ்ப்ரே. அப்படியும் வரவில்லையா, லேத் வசதி உள்ள நல்ல மெக்கானிக்கிடம் போவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

தளர்ந்த பிளக்கைச் சாக்கெட் கவ்வி மேலே கொண்டுவராவிட்டால், பெட்ரோல் ட்யூபின் நுனியைப் பிளக்கின் தலையில் செருகித் திருகுங்கள். தூண்டிலில் மீன் வருவதுபோல் வந்துவிடும். வாஷரும் கூடவே வந்ததா என்று பாருங்கள். சில சமயம் பழைய வாஷர் உள்ளேயே ஒட்டிக்கொண்டு நிற்கும், அதன்மேல் புதிய பிளக்கை மாட்டினால் இரண்டு வாஷராகிவிடும். பிளக்கை எடுத்ததும் துளையைச் சுத்தமான துணியால் மூடுங்கள்.

பழைய பிளக் சொல்லும் கதை

முனை இளம் பழுப்பாக, காபித்தூள் நிறத்தில் இருந்தால் எல்லாம் சரி. உலர்ந்த கறுப்புக் கரி என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது, அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. பிசுபிசுப்பான ஈரக் கறுப்பு என்றால் ஆயில் மேலே ஏறுகிறது. சைலன்ஸரில் நீலப் புகையும் வந்தால் ரிங், வால்வு சீல் பக்கம் பார்க்க வேண்டும். சுண்ணாம்பு போல வெளுத்துப் போயிருந்தால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறது. இரண்டு பிளக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எடுக்கும்போதே எது எந்தப் பக்கம் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று பழுப்பு, இன்னொன்று ஈரமாகக் கறுப்பு என்றால் அந்தப் பக்கத்துப் பொறியே வரவில்லை என்று சந்தேகிக்கலாம். கேப், ஒயர், காயில் என்று அந்த வழியே தேட வேண்டும்.

பழைய பிளக்கை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி மாட்டுவது நம் ஊர்ப் பழக்கம். டிவிஎஸ் 50 காலத்தில் அது தேவையாக இருந்தது, இரண்டு ஸ்ட்ரோக் வண்டி பிளக்கில் ஆயில் கட்டிக்கொண்டே இருக்கும். இப்போது தேய்ந்த பிளக்கைத் தேய்த்து மேலும் தேய்ப்பதில் அர்த்தமில்லை.

இடைவெளி

பல்சர் 150க்கு 0.7 முதல் 0.8 மி.மீ. புதிய பிளக் பெட்டியிலிருந்து சரியாகவே வரும், ஆனால் ஒருமுறை கீழே விழுந்திருந்தால் மாறியிருக்கும். ஃபீலர் கேஜின் தகடு லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும். கேஜ் இல்லையா? ஏடிஎம் கார்டின் கனம் 0.76 மி.மீ. தோராயமாகப் பார்க்க அதன் ஓரம் போதும், ஆனால் அழுத்தாதீர்கள். சரிசெய்ய வேண்டுமென்றால் மேலே வளைந்திருக்கும் முனையை மட்டும் வளையுங்கள், நடு முனையைத் தொடக் கூடாது. இரிடியம் பிளக்கில் எதையுமே தொடாதீர்கள், நடு முனை ஊசி போல மெல்லியது, உடைந்துவிடும்.

மாட்டுவது

இங்கேதான் பெட்ரோல் ட்யூப். பிளக்கின் பீங்கான் பக்கத்து நுனியை ட்யூபில் செருகி, குழிக்குள் நேராக இறக்குங்கள். துளையில் உட்கார்ந்ததும் முதலில் கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கம் மெதுவாகத் திருப்புங்கள். மரையும் மரையும் சேரும் இடத்தில் சின்னதாக ஒரு 'டிக்' கைக்குத் தெரியும். அந்த இடத்திலிருந்து இப்போது வலது பக்கம் திருப்புங்கள். சிரமமே இல்லாமல் ஐந்தாறு சுற்று ஏற வேண்டும்.

ஏன் ஸ்பேனரால் ஆரம்பிக்கக் கூடாது? பிளக் கோணலாக ஏற ஆரம்பித்தாலும் ஸ்பேனருக்குத் தெரியாது, அதன் பலத்தில் அலுமினிய மரையை வெட்டிக்கொண்டே போகும். ரப்பர் ட்யூபுக்கு அவ்வளவு பலம் இல்லை. மரை கோணலானால் ட்யூப் முறுக்கிக்கொண்டு வழுக்கும். வழுக்கினால் வெளியே எடுத்து மறுபடி ஆரம்பியுங்கள். ஐந்து தடவை ஆனாலும் பரவாயில்லை. எளிதாகத் தெரியும் பிளக்கில் இதைக் கண்ணால் பார்த்துச் சரிசெய்யலாம். மறைவான பிளக்கில் கண் இல்லை, ட்யூபின் வழியாக வரும் உணர்வு மட்டும்தான்.

மரையில் கிரீஸ், ஆயில் எதுவும் தடவ வேண்டாம். வழவழப்பில் நீங்கள் நினைப்பதைவிட அதிகமாக இறுகிவிடும்.

வாஷர் ஹெட்டில் போய் அமர்ந்து, கையால் இனி திரும்பாது என்ற நிலை வந்த பிறகுதான் சாக்கெட். புதிய பிளக் என்றால் அங்கிருந்து அரைச் சுற்று. உள்ளே இருக்கும் மடிப்பு வாஷர் நசுங்கும் வரை அந்த அரைச் சுற்று வேண்டும். பழைய பிளக்கையே திரும்ப மாட்டினால் அதன் வாஷர் ஏற்கெனவே நசுங்கியது, அரைக்கால் சுற்று போதும். பிளக் பெட்டியில் வேறு அளவு படம் போட்டிருந்தால் அதைப் பின்பற்றுங்கள். இறுக்கும் பலத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச் வைத்திருப்பவர்களுக்கு, 10 மி.மீ. மரைக்கு 10 முதல் 12 நியூட்டன் மீட்டர். வீல் நட்டு இறுக்கிப் பழகிய கைக்கு இது மிகக் குறைவாகத் தோன்றும். யுனிவர்சல் ஜாயின்ட் போட்டு இறுக்கும்போது அதை முடிந்தவரை நேராக வையுங்கள். கோணல் கூடினால் சாக்கெட் சாய்ந்து பீங்கானை நெம்பும்.

கேப்பை அழுத்தும்போது 'டக்' என்று மாட்டும் உணர்வு வர வேண்டும். ஆழமான குழியில் ரப்பர் மட்டும் உட்கார்ந்துகொண்டு உள்ளே இருக்கும் கிளிப் மாட்டாமல் நிற்பது சகஜம். ஒயர் சிலிண்டரில் உரசாத வழியில் போகிறதா என்றும் பாருங்கள்.

இரண்டு பக்கமும் வேலை செய்கிறதா

ஸ்டார்ட் ஆனது மட்டும் சான்று இல்லை என்று ஆரம்பத்திலேயே பார்த்தோம். எஞ்சினை நிறுத்திவிட்டு ஒரு பக்கத்து கேப்பைக் கழற்றுங்கள். அந்த கேப்பில் ஒரு உதிரி பிளக்கைச் செருகி, அதன் உலோக உடம்பு ஹெட்டின் உலோகத்தில் நன்றாகத் தொடும்படி கட்டிவையுங்கள். எர்த் இல்லாமல் கேப்பைத் தொங்கவிட்டு ஓட்டினால், பொறியை இயக்கும் மின்னணுப் பெட்டியான சிடிஐ போய்விடக்கூடும். பெட்ரோல் கசிவு எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. இப்போது ஸ்டார்ட் செய்து, அந்த பிளக்கில் பொறி தெரிகிறதா, மறுபக்கத்து பிளக் மட்டும் எஞ்சினை ஓட்டுகிறதா என்று பாருங்கள். ஓடும்போது எதையும் கையால் தொடாதீர்கள், ஆயிரக்கணக்கான வோல்ட். நிறுத்திவிட்டு மறுபக்கமும் இதையே செய்யுங்கள்.

மரை போய்விட்டால்

பிளக் இறுகாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் மரை போய்விட்டது. நூல் சுற்றி, எம்-சீல் பூசி ஓட்டலாம் என்று யாராவது சொல்வார்கள். ஓடும் எஞ்சினின் அழுத்தத்தில் பிளக் துப்பாக்கிக் குண்டுபோல வெளியே வரும். ஹெலிகாயில் என்ற கம்பிச்சுருள் மரையைப் போட்டு மீட்கலாம். லேத் பட்டறைகளில் செய்வார்கள். ஹெட்டைக் கழற்றிச் செய்வதே நல்லது. வண்டியிலேயே வைத்து மரை வெட்டினால் அலுமினியச் சுருள் சிலிண்டருக்குள் போகாமல் பார்த்துக்கொள்வது கஷ்டம்.

ஸ்கூட்டர், டேங்குக்கு அடியில் பிளக்

ஸ்கூட்டரில் பிளக் ஆழத்தில் இல்லை, பிளாஸ்டிக்குக்குப் பின்னால் இருக்கிறது. ஆக்டிவா போன்ற வண்டிகளில் சீட்டுக்குக் கீழே, கால் வைக்கும் பலகைக்குப் பின்னால் ஒரு சின்ன மூடி உண்டு. அதைத் திறந்தால் கேப் தெரியும். சில மாடல்களில் சீட்டுக்கடி டப்பாவையே தூக்க வேண்டும். பிளாஸ்டிக் கொக்கிகளை வெயிலில் கொஞ்ச நேரம் வைத்த பிறகு கழற்றினால் உடையாது. குட்டைக் கைப்பிடி ராட்செட் இங்கே உதவும்.

டேங்கைத் தூக்க வேண்டிய வண்டிகளில், பிஎஸ்6 புகை விதி வந்த பிறகு ஒரு எச்சரிக்கை. ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வண்டியின் பெட்ரோல் குழாயில் எஞ்சின் நின்ற பிறகும் அழுத்தம் இருக்கும். அந்தக் குழாயைக் கழற்றாமல், டேங்கின் பின்பக்க போல்ட்டை எடுத்து, தூக்கி ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்து வேலை முடிகிறதா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் முடியும். தூக்கும் முன் டேங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கட்டும்.

எல்லாம் முடிந்ததும் தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு துண்டு டேப்பில் எழுதி சீட்டுக்கு அடியில் ஒட்டுங்கள், "ரெண்டும்" என்று சேர்த்து. கழற்றிய இரண்டில் நல்லதாக இருப்பதை ட்யூபில் செருகி டூல் கிட்டில் போட்டுவையுங்கள்.